மாமா மாற்றிய பேட்டரி

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்கள் நேராக மெஷினிடம் போய் நிற்பார்கள். நான் முதலில் விற்கிறவரைத்தான் பார்ப்பேன், டாக்டர். துடைத்து எண்ணெய் விட்டு வைத்துக்கொள்கிறவரா, போட்டு அடித்து ஓட்டுகிறவரா என்று ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாமாவிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

அக்காவும் மாமாவும் வெளியே பெஞ்சில்தான் இருக்கிறார்கள். மாமாவுக்கு இந்த மறதி எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். "அந்த பேட்டரி விஷயத்துலதாங்க ஆரம்பிச்சுது" என்றாள் அக்கா. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் நின்றேன்.

அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து மாமா என்னை மச்சினன் என்று நினைத்ததே இல்லை. பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். தொழிலும் அவர் கற்றுக்கொடுத்ததுதான். அவர் பட்டறையில் ஒரே ஒரு சிஎன்சி மில்லிங் மெஷின் இருந்தது. அளவைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டால் அதுவே இரும்பைச் செதுக்கும். அதை விற்றுவிட்டுப் பெரிதாகப் புதிது வாங்க நினைத்தார். எனக்கோ தனியாகத் தொழில் தொடங்க ஆசை. என் கையிலிருந்த பணத்துக்கு அந்த மாதிரி மெஷினின் கதவுகூட வராது. வெளியாள் ஒருவர் நல்ல விலை பேசி வைத்திருந்தார். பாதி விலைக்குக் கேட்டு மாமாவைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அந்த மெஷினுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாதபோது மெஷினின் நினைவைக் காப்பாற்றுவது அதுதான். அது செத்துப்போனால் மெஷின் தன் அளவுகளையெல்லாம் மறந்து வெறும் இரும்பாகிவிடும். மாமா புதுப் பேட்டரி வாங்கி, மேலே தேதி எழுதி மாட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த வார விடுமுறையில் எல்லோரும் போன பிறகு திரும்பி வந்தேன். புதியதைக் கழற்றிவிட்டு, குப்பையில் கிடந்த பழையதைப் போட்டேன். அளவுகளைச் சேமித்து வைத்திருந்த மெமரி கார்டையும் அவர் டிராயரிலிருந்து எடுத்துக்கொண்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை மெஷினைப் போட்டபோது திரை முழுக்க எச்சரிக்கை. மாமா மூடியைத் திறந்து பேட்டரியைக் கையில் எடுத்தார். தேதியைத் தேடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்தினேனேடா. நீகூட நின்னியே."

"இல்ல மாமா. மாத்தணும்னு சொல்லிட்டிருந்தீங்க. மாத்தல."

"கார்டு டிராயர்லதானே வெச்சேன்?"

"எந்தக் கார்டு மாமா?"

அப்போது அவர் என்னைச் சந்தேகப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தன்னைச் சந்தேகப்பட்டார்.

செய்த கம்பெனியே அந்த மாடலைக் கைகழுவிவிட்டதால் அளவுகளைத் திரும்ப வாங்க வழியில்லை. விலை பேசியவர் நழுவிவிட்டார். பழைய இரும்பு விலைக்கு நான் எடுத்துக்கொண்டேன். "நீயாச்சும் எடுத்துக்கிட்டியேடா, அதை உடைக்கிறத என்னால பாக்க முடியாது" என்று மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பிறகு கார்டைப் போட்டேன், மெஷின் ஓடியது. அதே மாடல் வைத்திருக்கும் ஒருவரிடம் அளவுகளை வாங்கினேன் என்று சொன்னேன். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

புது மெஷின் மட்டும் அவர் வாங்கவில்லை. "எதையாவது மறந்து யார் கையையாவது எடுத்துடுவேன்டா" என்று பட்டறையை மூடிவிட்டார்.

சில மாதம் கழித்து என்னைத் தேடி வந்தார். "பேட்டரில தேதி எழுதினேன்டா. பேனா எழுதல, உதறி உதறி எழுதினேன். செய்யாததுக்கு இவ்வளவு ஞாபகம் வருமா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போகும்போது சின்னச் சின்னதாகச் சில காரியங்கள் செய்தேன். மூக்குக்கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்தேன். அவர் மூடிய குழாயைத் திறந்துவிட்டேன். வீட்டுச் சாவியை அவர் ஷூவுக்குள் போட்டேன். அடிக்கடி இல்லை. ஆமாவா இல்லையா என்று அல்லாடிக்கொண்டிருந்த மனுஷன் ஒரு முடிவுக்கு வந்து நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். அக்கா அவருடைய வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் கை கழுவிவிட்டு வந்து, "நான் சாப்பிட்டேனா?" என்று அவளிடம் கேட்கிறார்.

சற்று முன் நீங்கள் கேட்டதற்கெல்லாம் "சரியாத் தெரியலைங்க" என்றாரே, அத்தனையும் அவருக்குத் தெரியும் டாக்டர். சொல்லத்தான் பயம். சொந்த மகள் பெயரைச் சொல்வதற்குக்கூட என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் சொன்னார். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது.

அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். இந்த வயதில் தாங்க மாட்டார். என்னை விட்டால் நம்புவதற்கு அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மாத்திரையை எழுதிக் கொடுங்கள். யாரும் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை, வேளை தவறாமல் சாப்பிட்டுவிடுவார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.