எந்த ஷிஃப்ட்டில் வந்த புண்

"எந்த ஷிஃப்ட்லக்கா வந்துச்சு, அப்பா முதுகுப் புண்ணு?"

பேரிகை பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காவும் தம்பியும். படுத்த படுக்கையான அப்பாவை, கம்பெனி வேலைக்கு நடுவே முறை வைத்துப் பார்ப்பவர்கள். பக்கத்து வீட்டம்மாவை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார்கள்; அவள் மடியில் புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்கிய பை.

"அப்பா என்ன ரிஜெக்ட் ஆன பீஸாடா, ஷிஃப்ட் கேக்கறதுக்கு?"

"நேத்து எதுவுமே இல்லையே. இன்னிக்கு உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்துக் கெடக்குது. நீ தூங்கிட்டியா?"

"ரெண்டு மணிக்கொருதரம் திருப்பித்தான்டா போட்டேன். நர்ஸம்மா வந்து பாத்தாங்க. யார் தப்பும் இல்லையாம். உசுரு அடங்கறப்போ தோலும் ஓஞ்சுபோகுமாம்."

"ஆறுமா?"

"ஆறாதாம். மருந்து வச்சு லேசா மூடுங்க, நாத்தம் வராமப் பாத்துக்குங்க, வலின்னு மொனகினா திருப்பாதீங்க, அப்படியே விட்டுடுங்கன்னாங்க."

பாகலூர் தாண்டியது. வெயிலில் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் வெள்ளை வெள்ளையாய் ஓடின. தம்பி முன்கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"உன் தப்பாவே இருந்திருக்கக் கூடாதாக்கா? திட்டிட்டு, நாளையிலிருந்து ஒழுங்காப் பாத்துக்கலாம்னு இருந்திருப்பேனே."