பக்கத்தில் இருந்த மாமியார்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். மும்பையில் வடாலாவில் ரயில் ஏறி, செம்பூர் வரும்வரை எதிரே இருந்த இரண்டு பெண்கள் பேசியதைச் சொல்கிறேன்; மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள்.

"மேடம், இருபத்தஞ்சு வருஷம் முந்தி நீங்க வீட்டுக்கு வந்தப்ப நான் சொன்னது பூராப் பொய்" என்றாள் ஒருத்தி, தாராவிக்காரி.

கண்ணாடி போட்டவர் நிமிர்ந்தார். சமூகவியல் படித்தவராம், நோயாளிகளின் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவதுதான் அவர் ஆராய்ச்சி. "டிபி மாத்திரை தினம் போட்டுக்கறேன்னேளே! அப்படியே எழுதிண்டேனே."

"பக்கத்துல இருந்தது யாரு? மாத்திரை போட்டா பிள்ளை நிக்காதுன்னு நிறுத்தச் சொன்ன மாமியா. ஒரே ரூமு. நான் வேற என்ன சொல்ல? பொறவு ஆஸ்பத்திரில ஆறு மாசம் கெடந்தேன்."

 கண்ணாடி போட்டவர், "முப்பது வருஷமா இதே வேலை. எல்லா ஆத்துலயும் மாமியார் குடுத்த டீயைக் குடிச்சுண்டேதான் கேட்டிருக்கேன்" என்றார்.

"இப்ப என் மருமவளுக்கும் அதே சீக்கு மேடம். மாத்திரை போடுதியான்னா, போடுதேன்னு தலையாட்டுதா. எனக்கு நம்பிக்கையில்ல. நாளைக்கு நீங்க வந்து கேளுங்க. நான் ஸ்டேஷன்ல போயி உக்காந்துக்கிடுதேன்."

பேத்தி, எழுதியதை ஒருதரம் வாசித்துக் காட்டு. அடுப்படியில் இருக்கும் உன் அம்மாவுக்கும் கேட்கட்டும்.