நிச்சயமாத்தானா?

இல்லீங்க, கடிச்சுத் திங்க மாட்டாங்க. உள்ள கேள்வி கேக்கற வாத்தியாருங்க மூணு பேருதான். தண்ணி வேணுமான்னுகூடக் கேப்பாங்க. ஆனா நம்ம பக்கத்து வாய்மொழித் தேர்வு மாதிரி நெனச்சுக்கிட்டுப் போயிடாதீங்க, அதான் சொல்ல வந்தேன்.

உக்காருங்க. கூப்பிட நேரமிருக்கு. நீங்கதான் கடைசி, தெரியும்ல? உங்கள முடிச்சிட்டுத்தான் எல்லாருக்கும் சேத்து முடிவு பேசுவாங்களாம்.

நானா? இப்பத்தான் வெளிய வந்தேன். எனக்கு இது ரெண்டாவது தடவ. இதுவும் போச்சுன்னா டாக்டர் பட்டம் கெடையாது, மூட்டையக் கட்ட வேண்டியதுதான். வீட்டுக்காரர் இருந்த வேலைய விட்டுட்டு எனக்காக வந்து கொழந்தையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. அவர் மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னே தெரியல.

நம்ம பக்கம் பிஎச்டி சேர்றதுதான் பெரும்பாடு. சேந்துட்டா, கைடு மனசு கோணாம நடந்துக்கிட்டா எப்படியும் கரையேறிடலாம். இந்த நாட்டுல தலைகீழ். வா வான்னு சேத்துக்கிட்டு, அப்புறம் இந்த ரூம்ல வச்சு வடிகட்டுறாங்க. என்ன சிரிக்கிறீங்க? நான் அங்க பிசிக்ஸ்ல யுனிவர்சிட்டிக்கே முதலாவதுங்க. புத்தகத்துல எந்தப் பக்கம்னு சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு எழுதிக் காட்டறேன். இவங்க புத்தகத்துல இருக்கறதக் கேக்கவே மாட்டேங்கறாங்களே!

இன்னொண்ணு. நீங்க எழுதினதப் பாத்துட்டு நிச்சயமாத்தானான்னு கேப்பாங்க. நம்ம வாத்தியார் அப்படிக் கேட்டா என்ன அர்த்தம்? தப்புன்னு அர்த்தம். ஒடனே அழிச்சுட்டு மாத்திப் போடணும், இல்லன்னா திமிரு புடிச்சவன்னு பேரு. ரத்தத்துலயே ஊறிப்போச்சு அது. இங்க சரியா எழுதினாலும் கேக்கறாங்கங்க! எனக்கு முன்னாடி போன இந்த ஊர்க்காரன் சொல்றான், ரெண்டு மூணு வாட்டி கேட்டாங்களாம், ஒவ்வொரு வாட்டியும் ஆமான்னு சொல்லி ஏன்னு வெளக்கினானாம். விசிலடிச்சுக்கிட்டுப் போறான் பாவி.

எனக்கா... ஒரே ஒரு மைனஸ் குறிங்க. போர்டுல கரெக்டாத்தான் போட்டிருந்தேன். நடுவுல உக்காந்திருந்தவரு நிச்சயமாத்தானான்னு கேட்டாரு. கேட்டதுதான் தாமதம், டஸ்டரக்கூடத் தேடல, உள்ளங்கையாலயே அந்த வரிய அழிச்சுட்டு, கீழ பிளஸ் போட்டு எழுதிட்டேன். அதுக்கப்புறம் எழுதினது எல்லாம் நாசம். வெளிய வந்து திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறேன், மைனஸ்தான் வருது. ஐயோ, மைனஸேதாங்க!

அழல, அழல. நீங்க பதட்டப்படாதீங்க.

கதவு தெறக்குது, உங்களத்தான். போங்க, நல்லாப் பண்ணுங்க. ஒரு சின்ன உதவிங்க... போர்டுல எழுதச் சொல்வாங்க. வலது பக்கமா எழுதுங்களேன். இடது பக்கம் மேல் ஓரத்த மட்டும் தொடச்சிடாதீங்க. நான் கையால அழிச்சதுதானே, அந்த மைனஸ் கோடு லேசாத் தெரியும். முடிவு பேசறப்ப யாராவது ஒருத்தராவது நிமிந்து பாப்பாங்கல்ல?