கண்ணாடிப் பெட்டியில் கூறைப்புடவை

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு மறு வருஷம். காஜா பேராங் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் மியூசியக் காவலாளி ஒருவர், பக்கத்தில் அவருடைய சிநேகிதர்.

“சுல்தான் காலத்துச் சரிகைத் துணிய நாதஸ்வரக்காரருக்குப் போத்தி அனுப்பிட்டேன், தம்பி.”

“மியூசியத்துத் துணியையா? ஏண்ணே?”

“அங்கதானே கச்சேரி! பொன்னாடை வாங்க மறந்துட்டாங்க. கண்ணாடிப் பெட்டியத் திறந்து எடுத்துக் குடுத்தேன்.”

“போய்த் திருப்பிக் கேளுங்க லா.”

“போத்துன பொன்னாடைய எவனாச்சும் திருப்பிக் கேப்பானா?”

“அப்போ பெட்டி காலியா?”

“என் சம்சாரத்தோட கூறைப்புடவைய மடிச்சு வெச்சிருக்கேன். வர்றவங்க வாயப் பொளந்து பாக்குறாங்க.”

“அண்ணிக்குத் தெரியுமா?”

“ஞாயித்துக்கிழமை மியூசியம் பாக்க வர்றாளாம். கட்டிக்கிட்டு வர்றதுக்கு அந்தப் புடவையத்தான் காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்கா.”