முப்பது நாளும் நீந்திய மீன்

லுவோ: நிறுத்து. போதும் ஜிங்யுன், கயித்தைக் கீழ வை.

ஜிங்யுன்: இன்னும் முப்பது இருக்கு டாக்டர். ஐம்பது தாண்டணும்னு சொன்னீங்க...

லுவோ: இருபதுலயே போதும்.

ஜிங்யுன்: ஏன்? மூச்சு வாங்கல, கால் தடுக்கல. பி.டி. டீச்சர் டாக்டர் நான், ஐம்பதெல்லாம் எனக்கு...

லுவோ: காலைப் பத்தி யாரு கேட்டா? பாத்ரூம் அந்தப் பக்கம். அலமாரில புது நாப்கின் இருக்கு. மாத்திட்டு வா.

ஜிங்யுன்: ...வேர்வை.

லுவோ: வேர்வையா! செங்டு குளிர்ல?

ஜிங்யுன்: நீங்கதானே ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு வரச் சொன்னீங்க! அவ்வளவு குடிச்சா யாருக்குத்தான்...

லுவோ: எல்லாருக்கும் அதே ஒரு லிட்டர்தான். காலைல ஒருத்தி வந்தா, உனக்கப்புறம் பிள்ளை பெத்தவ. ஐம்பதும் தாண்டிட்டு சிரிச்சிக்கிட்டே போனா. போ, மாத்திட்டு வா.

ஜிங்யுன்: இதோ போறேன்.

லுவோ: உட்காரு.

ஜிங்யுன்: மாத்திட்டேன். இப்ப அந்தச் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க டாக்டர். வசந்த விழா லீவு முடிஞ்சு திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. 'ஓடலாம், தாண்டலாம்'னு உங்க கையெழுத்து இல்லாம போனா என் ஒன்பதாம் வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு, என்னை நூலகத்துல உட்கார வச்சிடுவாரு பிரின்சிபால். மூணு வருஷம் நான் பழக்கின பசங்க. ஏப்ரல்ல அவங்களுக்கு ஓட்டப் பரீட்சை...

லுவோ: முடியாது.

ஜிங்யுன்: டாக்டர்!

லுவோ: இன்னைக்கு முடியாது. எனக்கே ஒண்ணு புரியல. வீட்டுக்கு ஒரு பயிற்சி மெத்தை கொடுத்தனுப்பினேனே...

ஜிங்யுன்: அதுல தினம் செஞ்சேனே! உங்க கம்ப்யூட்டர்லயே வந்திருக்குமே.

லுவோ: வந்திருக்கு. மெத்தைல உட்கார்ந்து இடுப்புத் தளத் தசையை இறுக்கினா போன் திரையில மீன் மேல ஏறணும், தளர்த்தினா இறங்கணும். முப்பது நாளும் உன் மீன் நீந்தியிருக்கு. ஒரு நாள் தவறல. முதல் நாள் ரெண்டு செகண்டுகூட மேல நிக்கல. நேத்து ஒம்போது செகண்டு.

ஜிங்யுன்: பாத்தீங்களா!

லுவோ: ஒம்போது செகண்டு பிடிக்கிறவ இருபது தாண்டலுக்கு நனைய மாட்டா. கயிறு கொடுக்கிறதுக்கு முன்னாடி இங்க இருக்கிற மெத்தைல உட்கார வச்சேன்ல... எவ்வளவு வந்துது?

ஜிங்யுன்: ...மூணு.

லுவோ: மூணு.

ஜிங்யுன்: பதட்டம். நீங்க பக்கத்துல நின்னு முறைச்சா எப்படி வரும்?

லுவோ: நேத்து உன் மீன் ஒம்போது செகண்டு நின்னது மதியம் மூணு பத்துக்கு. அப்ப எங்க இருந்த?

ஜிங்யுன்: வீட்டுல. மெத்தைல.

லுவோ: மூணு பத்துக்கு எனக்குப் போன் பண்ணின. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு கேட்ட. பின்னாடி பஸ் ஹாரன் காதைப் பிளந்துச்சு. உங்க வீட்டு ஹாலுக்குள்ள பஸ் ஓடுதா? மெத்தைல உட்கார்ந்தது யாரு? உன் புருஷனா?

ஜிங்யுன்: அவரா! அவரு சோபாவை விட்டு எழுந்தாலே பெருசு...

லுவோ: நான் சிரிக்கல ஜிங்யுன்.

ஜிங்யுன்: ...தோங் அக்கா.

லுவோ: யாரது?

ஜிங்யுன்: பாப்பாவைப் பாத்துக்க வந்து எங்க வீட்டோட இருக்காங்களே. அவங்க போன்லதான் மீன் ஓடுச்சு. வெளியில பாப்பாவோட உட்கார்ந்திருக்காங்க.

லுவோ: ஆள் வச்சு ஆஜர் போட்டியா? உன் பசங்க இப்படிப் பண்ணினா நீ என்ன பண்ணுவ?

ஜிங்யுன்: மைதானத்தைப் பத்து சுத்து ஓட விடுவேன்.

லுவோ: ஏன்மா... ஒரு மாசம் போச்சே. ஏன்?

ஜிங்யுன்: முதல் தடவை இங்க உட்கார்ந்து இறுக்கினேன், ஞாபகம் இருக்கா? என் மீன் அசையவே இல்ல. மண்ணுல கிடந்துச்சு. நான் நீளம் தாண்டுறதுல மாகாணத்துல ரெண்டாவதா வந்தவ டாக்டர். சொன்னா கேட்கிற உடம்பு இது. அந்த மீனை தினம் பாக்க முடியல... பயமா இருந்துச்சு. உள்ள ஏதோ இறங்கி நிக்கிற மாதிரி வேற இருக்கு...

லுவோ: என்னது? எப்பலேர்ந்து?

ஜிங்யுன்: பாப்பா பொறந்ததுலேர்ந்து. சாயங்காலம் ஆனா அதிகமா தெரியும்.

லுவோ: அதை மறைச்சிட்டு கயிறு தாண்டினியா! ஏறிப் படு, இப்பவே பாக்கணும்.

ஜிங்யுன்: ...வலிக்கல. சொல்லுங்க டாக்டர்... போயிடுச்சா என் உடம்பு?

லுவோ: போகல. கொஞ்சம் இறங்கியிருக்கு, பயிற்சி செஞ்சா நல்லாவே குறையும். ஆனா நீதான் செய்யணும். மூணு மாசம் ஓட்டம், தாண்டல் ரெண்டும் கூடாது. 'நின்னு சொல்லித் தரலாம்'னு எழுதித் தர்றேன்.

ஜிங்யுன்: பிரின்சிபால் ஏன்னு கேட்பாரே.

லுவோ: பிள்ளை பெத்தேன்னு சொல்லு. அந்த அக்காவைக் கூப்பிடு.

ஜிங்யுன்: அவங்களைத் திட்டாதீங்க. ஏஜென்சிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். ...அக்கா! உள்ள வாங்க.

தோங்: மெதுவா, மெதுவா... பாப்பா இப்பதான் தூங்கினா. என்னம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?

லுவோ: தோங் அக்கா, மீன் விட்டது நீங்களா?

தோங்: எந்த மீன்?

ஜிங்யுன்: சொல்லிட்டேன் அக்கா.

தோங்: அய்யோ... டாக்டர், தப்பு என்னோடது. ராத்திரி பூரா முழிச்சிருக்கீங்க, நீங்க படுங்க, மீனை நான் மேய்ச்சிக்கிறேன்னு நான்தான்...

ஜிங்யுன்: பொய். நான்தான் கெஞ்சினேன்.

தோங்: நீங்க சும்மா இருங்க. டாக்டர், திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க.

லுவோ: இருங்க ரெண்டு பேரும். ஜிங்யுன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்யச் சொன்ன?

ஜிங்யுன்: ஒரு தடவை. ஒரு தடவை போதும்னு நீங்கதானே...

லுவோ: முதல் வாரம் ஒரு தடவைதான் இருக்கு. ரெண்டாவது வாரத்துலேர்ந்து தினம் மூணு. காலைல அஞ்சரைக்கு ஒண்ணு, மதியம் ஒண்ணு, எல்லாரும் படுத்தப்புறம் ஒண்ணு.

ஜிங்யுன்: மூணா? ...அக்கா?

தோங்: மிஷின்தானே... தப்பா காட்டியிருக்கும்.

லுவோ: தப்பு இல்ல. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்கா செய்றதில்ல.

தோங்: பாப்பா முழிச்சிக்கிட்டா போல, நான் வெளியில...

ஜிங்யுன்: இல்லக்கா, நல்லா தூங்குறா. ...நீங்க எனக்கு மட்டும் சூப் ஊத்துவீங்க, நீங்க தொடவே மாட்டீங்க. வெளியில கிளம்புற அன்னைக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்க...

லுவோ: எத்தனை வருஷமா நனையுதுக்கா?

தோங்: ...என் பெரிய பொண்ணுக்கு இப்ப இருபத்தொம்பது வயசு, டாக்டர். முந்தாநாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்... நனையாம ஏறிட்டேன்.