ஒன்பதாம் அறை மணி அடிக்காதது குறித்து

என் பெயர், கணவர் பெயர், கதவு எண் ஆகியவற்றை முதல் தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. கணவருடனும் மாமியாருடனும் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு சிறு கணினி நிறுவனத்தில் ஒன்பது வருடமாக நிரல் எழுதும் பணியில் இருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்தேன்.

சம்பவம் நடந்த முதியோர் இல்லத்துக்கு எங்கள் நிறுவனம் மூன்று சிறு சேவைகள் எழுதிக் கொடுத்திருந்தது. ஒன்று அறையில் பொத்தானை அழுத்தினால் செவிலியர் மேசையில் அடிக்கும் அழைப்பு மணிக்கு, ஒன்று மருந்து வேளைக்கு, ஒன்று பார்வையாளர் பதிவுக்கு. மூன்றும் வெளியில் உள்ள கணினியில் ஓடுபவை. ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் இருந்ததால், முன்னால் ஒரே பொது வாசலாகக் கட்டி, வருவது யார் என்று அங்கேயே விசாரித்து உரிய இடத்துக்கு அனுப்பும்படி எங்கள் முதலாளி என்னிடம் சொன்னார். அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தொழிலில் இதற்கு ஏபிஐ கேட்வே என்று பெயர். பெரிய வேலை அல்ல. நான் ஒருத்தியே மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன்.

அதற்கு முந்தைய மாதம் வெளியாள் யாரோ பார்வையாளர் பக்கத்தை ஓயாமல் தட்டி முடக்கியிருந்ததால், ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு நூறு கோரிக்கைக்கு மேல் வந்தால் திருப்பி அனுப்பும்படி வாசலில் ஒரு கட்டுப்பாடு வைத்தேன். திருப்பி அனுப்பியவற்றையும் சேர்த்தே எண்ணும்படி எழுதினேன். இல்லத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே இணைய முகவரியில்தான் வெளியே வரும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே மணியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் தெரியும். நிரலில் அந்த இடத்தில் "மணிக்குத் தனி வழி, பிறகு" என்று குறிப்பு எழுதி வைத்தேன். அந்த வாரம் மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை. ஒப்படைக்கும் தேதியையும் இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். குறிப்பு குறிப்பாகவே இருந்தது.

அதன் பின்பு, சம்பவத்தன்று காலை இல்லத்தில் மின்சாரம் போய் 10.12க்குத் திரும்ப வந்தது. மருந்து வேளைக்கும் பார்வையாளர் பதிவுக்கும் அறைகளிலும் கூடத்திலும் வைத்துள்ள இருபத்தாறு தொடுதிரைகளும் ஒரே சமயத்தில் உயிர் பெற்றுக் கோரிக்கை அனுப்பின. நூறைத் தாண்டியதும் வாசல் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியது. பதில் வராததால் திரைகள் மறுபடி மறுபடி கேட்டன. வாசல் மறுபடி மறுபடி மறுத்தது.

10.20க்கு ஒன்பதாம் அறைக் குளியலறையில் மணிப் பொத்தான் அழுத்தப்பட்டுள்ளது. அந்த அறையில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. முதல் நிமிடத்தில் ஆறு முறை அழுத்தியிருக்கிறார். பிறகு இடைவெளி விட்டு ஐந்து முறை. கடைசி அழுத்தம் 10.51. பதினொன்றையும் நான் எழுதிய வாசல் "பிறகு முயலவும்" என்று திருப்பி அனுப்பியது. அழுத்தினால் பொத்தானில் பச்சை விளக்கு எரியும். அழுத்தம் பதிவாயிற்று என்பதுதான் அதன் பொருள், செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்பதல்ல. ஆசிரியைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

11.05க்குத் தரை துடைக்க வந்த அம்மாள், அவர் குளியலறையில் விழுந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார். ஆசிரியை மூன்றாம் நாள் மருத்துவமனையில் காலமானார்.

திரைகள் உறைந்து நிற்கின்றன என்று வரவேற்பில் இருந்தவர் 11.10க்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டதால், அதன் பின்பு வாசல் திறந்துகொண்டது. மதியம் அண்ணன் போய் ஒன்பதாம் அறை மணியை அழுத்திப் பார்த்தபோது நன்றாக அடித்தது. மணி சரியாக இருக்கிறது, பணியில் இருந்த செவிலியர்தான் கவனிக்கவில்லை என்று இல்லத்தார் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியையின் மகனும் அதை நம்பி அந்தச் செவிலியர் மீது புகார் கொடுத்தார்.

சம்பவத்துக்கு மறுநாள் நான் வாசலின் பதிவேட்டைத் திறந்து மேற்கண்ட நேரங்களைப் பார்த்தேன். அண்ணனிடம் காட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "நாம எதையும் அழிக்க வேண்டாம்மா. பதிவு பதினாலு நாள்தானே நிக்கும், அப்புறம் அதுவே போயிடும். அதுவரைக்கும் பேசாம இரு. அஞ்சு குடும்பம் இதுல சாப்பிடுது" என்றார். அன்று மாலை விட்டுப்போன அந்தத் தனி வழியை எழுதி ஏற்றினேன். ஏழு வரி. இருபது நிமிடம் ஆனது.

ஆறாம் நாள் திரைகளைச் சரிபார்க்க இல்லத்துக்குப் போயிருந்தேன். பணியிடை நீக்கம் செய்யப்பட்ட செவிலியர் தன் பெட்டியில் இருந்த பொருட்களை எடுத்துப் போக வந்திருந்தார். கையில் மருத்துவச் சீட்டு ஒன்று இருந்தது. என்னிடம் அதை நீட்டி, "மேடம், காது டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துட்டேன். ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குதாம். அப்ப எனக்கு ஏன் கேக்கல? மணி அடிச்சுதா, இல்லையா? நீங்களாவது சொல்லுங்க" என்றார். ஒருவேளை அடித்து, தான்தான் கேட்கவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கே வந்திருந்தது. எனக்கு விடை தெரியும். "பாத்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பின்பு நாலைந்து நாள் வேலைக்குப் போனேன், வந்தேன். நேற்று கணவரிடம் சொன்னேன். வேலை போகும், என் பெயர் கெடும், வழக்கு என் மீதும் வரலாம் என்றேன். அவர், "சொல்றதுன்னா நாளைக்கே போய்ச் சொல்லிடு. தினம் உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றார்.

இன்று பன்னிரண்டாம் நாள். பதிவேட்டின் நகலும், என் குறிப்பு உள்ள பழைய நிரலின் நகலும் இத்துடன் ஒப்படைத்துள்ளேன். நாளை மறுநாள் மூலப் பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால், அதற்குள் அதைக் கைப்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று செவிலியர் மேசையில் மணி அடிக்கவில்லை. அவர் மேல் பிழை இல்லை.

இது எனக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். தெரியும் என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது, ஒரு இடம் தவிர. சம்பவத்துக்குக் காரணம் என்ற இடத்தில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்துவிட்டு, "நான் செய்யாமல் விட்டது" என்று எழுதச் சொன்னேன். அவ்வாறே திருத்தப்பட்டது. திருத்தத்தின் ஓரத்திலும் கீழேயும் கையொப்பமிட்டுள்ளேன்.

(ஒப்பம்)