கட்டில் போகிற வாசல்

சித்திரை வெயில். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் காலில் கட்டுப்போட்ட முன்னாள் படைவீரர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். படைவீரர் மருத்துவமனையில் மறுநாள் அவருக்குக் கால் ஆபரேஷன் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"கட்டிலோட என்னை வெளிய போட்டாவன்னா, எந்திரிச்சு ஊருக்கு வந்துருவேன், ஆமா" என்றார் அவர் திடீரென்று.

"யாரு போடப்போறா?"

"போன வருசம் இதே ஆஸ்பத்திரிக்குக் குளத்தூர் சுபேதாரைப் பாக்கப் போனேம்லா? வராந்தாவுல கட்டிலோட கெடந்தாரு. மூச்சு நிக்கப் போறவனத்தான வாசலுக்குக் கொண்டாருவாவ? கிட்டப் போவ மனசு வரல, திரும்பிட்டேன்."

"அதுக்கா வீட்டுல வந்து அழுதிய? அவிய போன வாரம் எட்டயபுரம் சந்தையில மாட்டுக்கு வெல பேசிட்டு நின்னாவ!"

"நெசமாவா?"

"எங்கய்யா சண்டையில அடிபட்டு அங்கனதான் கெடந்தாவ. அந்த ஆஸ்பத்திரியில படியே கெடையாது, எல்லாம் சரிவுதான். வாசல்லாம் கட்டில் போற அகலம். சாயங்காலம் காத்து வந்ததும் அத்தனை கட்டிலையும் வராந்தாவுக்கு உருட்டிருவாவ. அதுக்குன்னே வெள்ளைக்காரன் கட்டினது."

அவர் ஜன்னலுக்கு வெளியே, வெடித்துக் கிடந்த கரிசல் பக்கம் கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார்.

"ஏட்டி, அங்க காத்து எந்தப் பக்கம் வரும்?"

"கெழக்க."

நடத்துநர் மருத்துவமனை நிறுத்தத்தைச் சொன்னதும் மனைவிக்கு முன்னால் அவர் எழுந்தார்.

"வெரசா வா. கெழக்கு வராந்தாவை வேற எவனாவது புடிச்சிருவான்."